வீடியோ டெக்கின் ஒலியை ஆம்ப்ளிஃபையரில் கேட்பது: சாக்கெட், இரைச்சல், கேசட்டில் உள்ள ஒலித்தடம்

கேள்வியின் சுருக்கம் இது. 1980-களின் இறுதியில் வாங்கிய வி.எச்.எஸ். டெக் ஒன்று வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதிலிருந்து ஏரியல் கேபிள் வழியாகவே டிவிக்குப் படமும் ஒலியும் போகின்றன. புதிய எல்.இ.டி. டிவியின் ஒலி தகரடப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருப்பதால், பழைய கல்யாணக் கேசட்டுகளை ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் கேட்க விரும்பி, அதன் பின்புறம் 'ஃபோனோ' என்று எழுதியிருந்த சாக்கெட்டில் டெக்கை இணைத்திருக்கிறீர்கள். ஒலி காதைக் கிழிக்கும் கரகரப்போடு வந்தது. ஒரு ஸ்பீக்கர் மட்டுமே பேசியது. அடியில் விடாமல் ஒரு ரீங்காரமும் கேட்டது. ஸ்டீரியோ டெக் ஒன்றைத் தேடி வாங்கினால் இவையெல்லாம் தீருமா என்று கேட்கிறீர்கள்.

தீராது. மூன்று குறைகளுக்கும் காரணம் வேறுவேறு. டெக்கை மாற்றினாலும் கரகரப்பும் ரீங்காரமும் அப்படியே இருக்கும். கையிலிருக்கும் டெக்கை வைத்துக்கொண்டே மூன்றையும் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஒலியை எங்கிருந்து எடுப்பது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். டெக்கின் ஏரியல் கேபிளில் செல்வது நேரடியான ஒலி அன்று. டெக்குக்குள் இருக்கும் மாடுலேட்டர் என்னும் சிறு பெட்டி, படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒரு டிவி நிலையத்தின் அலைவரிசையாகவே மாற்றி அனுப்புகிறது; நம் நாட்டின் பால்-பி/ஜி (PAL-B/G) என்னும் டிவி ஒளிபரப்பு முறையில் படத்தின் அலைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒலியின் அலை அமர்ந்திருக்கும். அதை டிவிதான் பிரித்தெடுக்க முடியும், ஆம்ப்ளிஃபையரால் முடியாது. ஆனால் ஏறக்குறைய எல்லா டெக்குகளின் பின்புறத்திலும் 'ஆடியோ அவுட்' என்று தனியாக ஒரு ஆர்.சி.ஏ. சாக்கெட் (நடுவில் ஒரு துளையும் சுற்றிலும் உலோக வளையமும் உள்ள வட்டச் சாக்கெட்) இருக்கும். ஒரு இரவுக்கு டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த காலத்தில், டெக் கொண்டுவந்தவர் ஏரியல் கேபிளைச் செருகி, டிவியில் சேனலைத் திருகிப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்; அந்த ஆடியோ சாக்கெட்டை யாரும் தொட்டதே இல்லை. பல வீடுகளில் அது இன்றும் புதிதாகவே இருக்கிறது. ஏரியல் கேபிள் டிவியில் இணைந்திருக்கும்போதே இந்தச் சாக்கெட்டிலும் ஒலி வந்துகொண்டிருக்கும் என்பதால், படத்துக்கான பழைய இணைப்பை மாற்றாமலேயே ஒலியை மட்டும் ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோகலாம். டிவியின் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டால் போதும். மஞ்சள் நிற 'வீடியோ அவுட்' சாக்கெட்டும் டெக்கில் இருந்தால், படத்தையும் அதன் வழியே டிவியின் ஏ.வி. சாக்கெட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், மாடுலேட்டருக்குள் புகாமல் வரும் படம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும்.

இனி கரகரப்புக்கு வருவோம். ஃபோனோ சாக்கெட் இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளுக்கு மட்டுமே உரியது. தட்டின் மீது ஓடும் ஊசிமுனை தரும் மின்னழுத்தம் வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை முதலில் பலமடங்கு பெருக்குவதற்கென்றே அந்தச் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு தனிச்சுற்று இருக்கிறது. டெக்கிலிருந்து வருவதோ ஏறத்தாழ 0.3 வோல்ட், அதாவது ஊசிமுனை தருவதைப்போல் 60 முதல் 100 மடங்கு. உரத்த இடங்களில் அந்தச் சுற்று தாங்க முடியாமல் அலையின் தலையையும் காலையும் வெட்டிவிடும். அந்த வெட்டுத்தான் கரகரப்பாகக் கேட்கிறது. இதோடு முடியவில்லை. இசைத்தட்டுகளைப் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிவார்கள் என்பதால், அதைச் சமன்செய்ய ஃபோனோ சுற்று எதிர்மாறாக வேலை செய்யும். நடு ஒலியோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 20 டெசிபல் உயர்த்தும், 10 கிலோஹெர்ட்ஸை ஏறத்தாழ 14 டெசிபல் தாழ்த்தும். மின்னழுத்தக் கணக்கில் 20 டெசிபல் என்பது 10 மடங்கு. நாதஸ்வரம் போர்வைக்கு அடியிலிருந்தும் தவில் வீடு அதிரவும் கேட்டிருக்குமே, அதற்குக் காரணம் இதுதான். இடையில் ரெசிஸ்டர் வைத்து மின்னழுத்தத்தைக் குறைத்து ஃபோனோவிலேயே செருகலாம் என்று சிலர் சொல்வார்கள். கரகரப்பு நின்றாலும் இந்தத் தலைகீழ்ச் சமன்பாடு மாறாது, ஆகவே அது வேண்டாத வேலை. 'மைக்' என்று எழுதிய சாக்கெட்டும் மிகச் சிறிய மின்னழுத்தத்துக்கே உரியது என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

செருக வேண்டிய இடம் ஆக்ஸ், டியூனர், டேப், சி.டி., வீடியோ ஆகிய பெயர்களில் எதுவாக இருந்தாலும் சரி. பெயர்கள்தாம் வேறு, உள்ளே எல்லாம் ஒரே வகைதான், 0.15 அல்லது 0.2 வோல்ட் கிடைத்தாலே முழு ஒலிக்குப் போதுமானவை. ஆகவே டெக்கின் 0.3 வோல்ட் தாராளம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை தரக்கூடியது. டெக்குக்காக வால்யூமை ஏற்றி வைத்துவிட்டு, அதைக் குறைக்காமல் சி.டி.க்கு மாற்றினால் ஸ்பீக்கர் அதிர்ந்துபோகும்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் பேசியதற்குக் காரணம், உங்கள் டெக் மோனோ வகை என்பதே. ஆடியோ அவுட் ஒன்றுதான், ஆம்ப்ளிஃபையரிலோ இடம் வலம் என்று இரண்டு சாக்கெட்டுகள். ஒருமுனையில் ஒரு பின்னும் மறுமுனையில் இரண்டு பின்களும் உள்ள ஒய் வடிவ கார்டு (இணைப்புக் கம்பி) வாங்கிக்கொண்டால் ஒரே ஒலி இரண்டு பக்கமும் போய்விடும். ஒன்றை இரண்டாகப் பிரிப்பதில் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் இதே கார்டைத் திருப்பிப்போட்டு, ஸ்டீரியோ டெக்கின் இரண்டு அவுட்களை ஒரே சாக்கெட்டில் சேர்க்கக் கூடாது. இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அப்படிச் சேர்த்தே ஆகவேண்டுமென்றால் ஒவ்வொரு வழியிலும் சில கிலோஓம் அளவுள்ள ரெசிஸ்டர் ஒன்றை இடையில் வைக்க வேண்டும். நிறங்களில் சிவப்பு வலப்பக்கம், வெள்ளை அல்லது கறுப்பு இடப்பக்கம், மஞ்சள் படம்.

கார்டின் தரத்தைப் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். சென்னை ரிச்சி தெருவில் தங்கமுலாம் பூசிய பின்களோடு தொங்கும் கார்டும், அதன் பக்கத்திலேயே கிடக்கும் சாதாரணக் கார்டும் இந்த வேலைக்கு ஒன்றுதான். உள்ளே கம்பியைச் சுற்றி ஷீல்டு, அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பின்னல், சரியாக இருக்கிறதா, பின் தளராமல் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நீளம் கூடினால் உச்ச ஒலிகள் குறையும் என்ற அச்சமும் தேவையில்லை. கார்டின் மின்தேக்கும் அளவை (கெப்பாசிட்டன்ஸ்) மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்தாலும் 5 மீட்டருக்கு 500 பிகோஃபாரட். டெக்கின் வெளியீட்டுத் தடை 1 கிலோஓம் என்று கொண்டால் 300 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் இழப்பு தொடங்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது.

பின்களைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் இரண்டு கருவிகளையும் அணைத்துவிடுங்கள். ஆர்.சி.ஏ. பின்னின் அமைப்பில் ஒரு குறை உண்டு. அதன் நடுமுனை முதலில் தொடும், வெளிவளையம் பிறகுதான் தொடும். அந்த இடைப்பட்ட நொடியில் எர்த் இல்லாமல் நடுக்கம்பி மட்டும் இணைந்திருப்பதால் பெரும் உறுமல் ஒன்று எழும். ஸ்பீக்கர்களைக் கெடுக்க அதுவே போதும்.

அடுத்தது ரீங்காரம். இதுதான் உண்மையில் நேரம் எடுக்கும் பகுதி, ஏனென்றால் ஒரே மாதிரி கேட்கும் ரீங்காரத்துக்கு மூன்று இடங்களில் வேர் இருக்கலாம். எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேசட் ஓடாமல் டெக் சும்மா இருக்கும்போதும் ரீங்காரம் கேட்கிறதா? கேட்டால் குறை இணைப்பில் இருக்கிறது. கேசட் ஓடும்போது மட்டும் கேட்டால் குறை கேசட்டிலோ நாடாவைப் படிக்கும் ஹெட்டிலோ இருக்கிறது. டெக்கைக் கையால் தூக்கி இரண்டடி நகர்த்தும்போது ரீங்காரம் ஏறி இறங்கினால், ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து காந்தப்புலம் டெக்கின் ஆடியோ ஹெட்டுக்குள் புகுகிறது என்று பொருள். இடம் மிச்சமாகும் என்று ஆம்ப்ளிஃபையரின் தலைமேல் டெக்கை அடுக்கிவைக்கும் வழக்கத்தை இதற்காகவே கைவிட வேண்டும். வெப்பமும் டெக்குக்கு ஆகாது.

சும்மா இருக்கும்போதே கேட்கும் ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் காரணம் எர்த் வளையம். உங்கள் டெக்கில் இரண்டு முனை பிளக் இருக்கும், அதற்கு எர்த் கிடையாது. ஆம்ப்ளிஃபையரில் மூன்று முனை பிளக் இருந்தால் அதன் உடல் வீட்டு எர்த்தில் இணைந்திருக்கும். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி கம்பியின் வெளிப்பின்னல் எங்கோ ஒரு கம்பத்தில், வேறொரு எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டு எர்த்களுக்கும் இடையே சிறிதளவேனும் மின்னழுத்த வேறுபாடு இல்லாமல் இருக்காது. கேபிள் கம்பியின் பின்னல், டிவியின் உடல், டெக்கின் உடல், ஆடியோ கார்டின் ஷீல்டு, ஆம்ப்ளிஃபையர், வீட்டு எர்த் என்று ஒரு முழு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடத் தொடங்குகிறது. ஒலி செல்லும் ஷீல்டிலேயே அது ஓடுவதால் ஆம்ப்ளிஃபையர் அதையும் ஒலியென்றே எடுத்துக்கொண்டு பெருக்குகிறது. டி.டி.எச். டிஷ்ஷின் கம்பியும், மாடியில் அதன் இரும்புச் சட்டம் எர்த்தைத் தொடும்போது, இதையே செய்யும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. டெக்கிலும் டிவியிலும் செட்டாப் பாக்ஸிலும் வெளியிலிருந்து வரும் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எந்தக் கம்பி வெளியே வந்ததும் வீடு நிசப்தமாகிறதோ அதுவே குற்றவாளி. கேசட் பார்ப்பதற்குக் கேபிள் டிவி தேவையே இல்லை என்பதால், பார்க்கும் நேரத்துக்கு அதைப் பிடுங்கி வைப்பதே செலவில்லாத தீர்வு. எப்போதும் இணைந்திருக்க வேண்டும் என்றால், ஆடியோ கார்டின் நடுவே ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள ஆடியோ தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைக்கலாம். ஒலி காந்தப்புலமாகத் தாவிச் செல்லும், உடல்களுக்கிடையே கம்பித் தொடர்பு அறுந்துவிடும். மிக மலிவான டிரான்ஸ்ஃபார்மர்கள் தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும், ஆனால் நாம் பேசும் கேசட்டுகளில் அவ்வளவு ஆழமான ஒலி எதுவும் இல்லை. பாதுகாப்பைப் பொறுத்து ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் ரீங்காரம் நின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் அதைச் செய்யவே கூடாது. உள்ளே ஒருநாள் கசிவு ஏற்பட்டால், உயிரைக் காக்க இருப்பது அந்த ஒரு கம்பிதான். தனிமைப்படுத்த வேண்டியது ஒலிக்கம்பியை, எர்த்தை அன்று.

டெக்கின் உரையாடலை ஆம்ப்ளிஃபையர் வழியாக வேறொன்றில் பதியவோ, அல்லது வெளியிலிருந்து ஒரு பாட்டை டெக்கில் பதியவோ எண்ணினால், இன்னொரு பொறி இருக்கிறது. டெக் நின்றிருக்கும்போது அதன் 'ஆடியோ இன்'னில் வருவதை அப்படியே 'ஆடியோ அவுட்'டில் வெளியே விடும் இயல்புடையது. ஆம்ப்ளிஃபையரின் 'ரெக் அவுட்' (பதிவதற்காக ஒலியை வெளியே விடும் சாக்கெட்) டெக்கின் உள்ளீட்டுக்கும், டெக்கின் வெளியீடு ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸுக்கும் போயிருந்து, தேர்வுக் குமிழும் ஆக்ஸில் இருந்தால், ஒலி தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு சுற்றி ஊளையிடத் தொடங்கும். டேப் என்று பெயரிட்ட சாக்கெட் சோடியில் டேப்பைத் தேர்ந்தெடுத்தவுடன் அதன் ரெக் அவுட் தானாகவே அறுந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே இருவழி இணைப்பு வேண்டுமென்றால் டேப் சோடியையே பயன்படுத்துங்கள். கேட்பது மட்டும் போதும் என்றால் ஒரு வழிக் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி ஸ்டீரியோ டெக் வாங்கலாமா என்ற கேள்விக்கு விடை சொல்ல, கேசட்டுக்குள் ஒலி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மி.மீ. அதன் ஓர் ஓரத்தில், மோனோ என்றால் 1 மி.மீ. அகலத்துக்கு, சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவதைப்போலவே நேர்க்கோடாக ஒலித்தடம் ஓடுகிறது. பாட்டுக் கேசட் விநாடிக்கு 47.6 மி.மீ. ஓடும், பால் முறை வி.எச்.எஸ். நாடா விநாடிக்கு 23.39 மி.மீ.தான் ஓடும். அதாவது, வீட்டில் பாட்டுக் கேட்ட எளிய கேசட்டின் வேகத்தில் பாதி. வேகம் குறைந்தால் உச்ச ஒலிகள் நாடாவில் தங்காது. நல்ல நிலையிலுள்ள கேசட்டில்கூட ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், நாடாவை இன்னும் மெதுவாக ஓட்டும் லாங் பிளே வேகத்தில் பதிந்திருந்தால் அதிலும் வெகு கீழே இறங்கிவிடும். உங்கள் டெக் படிப்பது இந்த ஒரு தடத்தை மட்டுமே.

1984-ஆம் ஆண்டு வி.எச்.எஸ்.ஸுக்கு வந்த ஹை-ஃபை முறை முற்றிலும் வேறானது. 62 மி.மீ. விட்டமுள்ள உருளை விநாடிக்கு 25 முறை சுழல, அதிலுள்ள ஹெட்டுகள் நாடாவின் குறுக்கே ஏறத்தாழ 4.85 மீட்டர் வேகத்தில் உரசிச் செல்கின்றன. பால் முறையில் 1.4, 1.8 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மீது இரண்டு சானல் ஒலியையும் ஏற்றி, ஒலிக்கான ஹெட்டுகள் முதலில் நாடாவின் காந்தப்பூச்சுக்குள் ஆழமாகப் பதிந்துவிடும். பின்னாலேயே வரும் வீடியோ ஹெட் அதன் மேற்பரப்பில் மட்டும் படத்தைப் பதியும். ஒரே இடத்தில் ஒலி அடியிலும் படம் மேலேயும் இருக்கும். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை இந்த முறை தாங்கும் என்பதால், அந்நாளில் சிலர் படமே இல்லாமல் இசையைப் பதியவும் ஹை-ஃபை டெக்கைப் பயன்படுத்தினார்கள். இதன் ஒரே தொல்லை, டிராக்கிங் (ஹெட்டுகள் பதிவுத் தடத்தின் மீது சரியாக ஓடுவது) சற்றுப் பிசகினாலும் ஹெட்டுகள் மாறும் ஒவ்வொரு கணத்திலும், அதாவது விநாடிக்கு 50 முறை, ஒலி துண்டாகி உர்ரென்று கேட்கும். முன்பு சொன்ன எர்த் ரீங்காரத்தைப் போலவே இதுவும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் டிராக்கிங் குமிழைத் திருப்பினால் மாறும், கேசட்டை நிறுத்தினால் நிற்கும்.

இப்போது கணக்கு எளிதாகிவிடுகிறது. ஹை-ஃபை டெக்கில் பதிந்த கேசட்டில் மட்டுமே அந்த ஆழ்தடம் இருக்கும். கடையில் விற்ற அசல் கேசட்டுகள் பலவற்றில் அது உண்டு. கல்யாண வீடியோக்களில் பெரும்பாலானவை மோனோ கேமராவில் எடுத்தவை. அவற்றில் ஆழ்தடமே கிடையாது, எந்த டெக்கில் போட்டாலும் ஓரத் தடம்தான் ஒலிக்கும். ஒருவேளை ஆழ்தடம் இருந்தாலும் அதில் வேறொரு விந்தை காத்திருக்கலாம். ஸ்டுடியோவில் தாலிகட்டும் காட்சிக்கு ஒரு பாட்டை ஏற்ற வேண்டுமென்றால் ஆடியோ டப்பிங் செய்வார்கள். படத்துக்கு அடியிலுள்ள ஆழ்தடத்தைப் படத்தைக் கெடுக்காமல் மாற்ற முடியாது என்பதால் பாட்டு ஓரத் தடத்தில் மட்டுமே ஏறும். ஹை-ஃபை டெக்கில் 'ஹை-ஃபை' நிலையில் வைத்தால் மண்டபத்தின் உண்மையான சந்தடியும், 'நார்மல்' நிலையில் வைத்தால் ஸ்டுடியோக்காரர் போட்ட பாட்டும் கேட்கும். அத்தகைய கேசட் ஒன்று கையில் இருந்தால் ஹை-ஃபை டெக் வாங்குவதற்கு அதைவிட நல்ல காரணம் இல்லை. மற்றபடி ஒய் கார்டின் விலைக்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. புதிய டெக்கும் இனிக் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

ஓரத் தடத்தின் ஒலி மங்கலாக இருந்தால் டிரெபிள் குமிழைச் சற்றே ஏற்றலாம், ஆனால் நாடாவின் 'ஸ்ஸ்' ஒலியும் கூடவே ஏறும். எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். எல்லாக் கேசட்டுகளும் ஒரே அளவு மங்கலாகக் கேட்டால் ஆடியோ ஹெட்டில் அழுக்கு இருக்கலாம், அல்லது அதன் சாய்வு பிசகியிருக்கலாம். சாய்வைத் திருத்தும் திருகு ஒன்றுதான். பக்கத்திலுள்ள மற்றத் திருகுகள் உயரத்தையும் டிராக்கிங்கையும் மாற்றிவிடுவதால், எது எதுவென்று உறுதியாகத் தெரியாதவர்கள் பெட்டியைத் திறக்காமல் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோவதே மேல். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை தெரியும் கேசட்டை, சுத்தம் செய்யும்வரை டெக்குக்குள் போடாதீர்கள். ஈரக்காற்று வீசும் ஊர்களில் இது சாதாரணம். ஒரு பூஞ்சைக் கேசட் ஹெட்டை அடைத்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுத்துவிடும்.

எல்லாவற்றையும் இணைத்து முடித்தபின் புதிதாக ஒன்று தோன்றலாம்: ஒலி முந்திக்கொள்ளும், உதடு பின்னால் அசையும். பழைய குழாய் டிவியில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. எல்.இ.டி. டிவி பழைய வகைப் படத்தை எண்களாக மாற்றிப் பெரிதாக்கிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபையருக்கு நேராகப் போகும் ஒலிக்கு அந்தத் தாமதம் இல்லை. டிவியின் பட அமைப்பில் 'கேம்' நிலையைத் தேர்ந்தெடுத்தால் தாமதம் பெரிதும் குறையும். அதுவும் போதவில்லையென்றால் டெக்கின் ஒலியையும் படத்தோடு சேர்த்து டிவிக்கே கொடுத்துவிட்டு, டிவியின் ஹெட்ஃபோன் அல்லது ஆடியோ அவுட் சாக்கெட்டிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு எடுத்துப் பாருங்கள். பல டிவிகள் அங்கே வெளியே விடும் ஒலியையும் படத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்தியே அனுப்புகின்றன. ஹெட்ஃபோன் சாக்கெட்டாக இருந்தால் டிவியின் வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்திவிட்டு, மீதியை ஆம்ப்ளிஃபையரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.